மகளின் வாயைப் பொத்தியவர்

நான் அவரை முதன்முதலில் கண்டபோது அவருடைய வலது கை மகளின் வாயைப் பொத்தியிருந்தது.

லோறன்ஸ் வீதியில் ஒரு மருந்துக்கடை. மகளுக்குப் பதினொரு வயது இருக்கும். கனடாவிலேயே பள்ளிக்கூடம் தொடங்கிய பிள்ளை. தாய்க்கு இங்கிலீஷில் இருபது சொல் வந்தால் அதிகம். பிள்ளை கடைக்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தது. தாய் சட்டென்று அதன் வாயைப் பொத்தினார். மற்றக் கையால் தன் தொண்டையைத் தொட்டு இரண்டு தரம் இருமிக் காட்டினார். கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார். அது மூக்கடைப்புக்கான மருந்து என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாள் அவர் தனியாகப் போய், இன்னும் நாலு தரம் இருமி, சரியான மருந்தை வாங்கி வந்தார்.

எவ்வளவு பொல்லாத பெண் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் நான் அவருடைய வீட்டுக்குக் குடிபோனேன், அவருக்கு இங்கிலீஷ் படிப்பிக்க.

மூத்தவளே, போன மாதம் உன் அம்மாவை ஸ்கான் எடுக்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், டொக்டரின் அறைக்குள் நீ வரக்கூடாது என்று நான் சொன்னேன். நீ வெளியில் இருந்து அழுதாய். “அப்பா, திஸ் இஸ் சோ அன்ஃபெயர். நான் உங்களை விட நல்லா ட்ரான்ஸ்லேட் பண்ணுவன்” என்றாய். உண்மைதான், நீ நன்றாகச் செய்வாய். நானும் பொல்லாத அப்பா என்று அன்றைக்கு உனக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் இந்தப் பெண்ணைப் பற்றி உனக்கும் தம்பிக்கும் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், ஐந்து பேராக ஒரு வீட்டில் இருந்தோம். நான் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே சமையல் செய்தவர்தான் இந்தப் பெண்ணின் கணவர். மீன் கொண்டு வருகிறவர்களோடும் குழாய் திருத்த வருகிறவர்களோடும் நான் இங்கிலீஷில் பேசுவதை அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் கைகளை ஆட்டி ஆட்டிக் கேட்டார்: மனைவிக்கு வாத்தியார் வேண்டும், வெக்ஸ்போர்ட்டில் வீடு, கீழே அறை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வருகிறாயா?

எங்கள் வீட்டில் மூத்த அண்ணை ஒருவர் இருந்தார். செய்தியைக் கேட்டதும் கட்டிலில் இருந்து எழும்பிவிட்டார்.

“டேய், உனக்கே ஆரும் இங்கிலீஷ் படிப்பிக்க வேணும். நீ போய்ச் சீனாக்காரருக்குப் படிப்பிக்கப் போறியோ?”

“அண்ணை, கொழும்பில ரெண்டு வருசம் ஹோட்டல் கவுண்டரில நிண்டனான். வெள்ளைக்காரரோட கதைச்சுத்தானே வேலை செய்தனான்.”

“ஓம் ஓம். இனி அந்த மனுசி புருசனுக்குச் சோறு போட முதல் ரூம் நம்பர் கேக்கப்போறா.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சொன்னதில் பாதி பலித்தது.

அந்த வீட்டுக் காலைகள் இப்படித்தான் போகும். எட்டு மணிக்கு மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். கணவர் பத்து மணி வரை தூங்குவார். அந்த இரண்டு மணித்தியாலம் எங்களுக்கு. சமையலறை மேசையில் கஞ்சி, அவித்த முட்டை, ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர். அந்த வீட்டில் ஆடி வெயிலிலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நான் குழாயைத் திறந்து குடித்தால் ஏதோ நஞ்சு குடித்தவனைப் போல அவர் என்னைப் பார்ப்பார்.

மேசைக்குப் பக்கத்தில் தையல் மெஷின். அவர் ஒரு கடைக்கு யன்னல் திரை தைத்துக் கொடுத்தார். நான் ஒரு வசனம் சொல்வேன். மெஷின் நிற்கும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். சரியென்று நான் தலையாட்டினால் மெஷின் ஓடும். கொப்பியில் எழுத அவருக்குப் பொறுமை இல்லை. துணியில் குறி போடும் வெண்கட்டியால் திரைச்சீலையின் பின்பக்கத்திலேயே எழுதுவார், தன் எழுத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. பாடம் முடிந்ததும் துணியை உதறிவிடுவார். ஒருமுறை உதற மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து போன். திரையின் உள்ளே ‘தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதியிருக்கிறதாம். அது வாடிக்கையாளருக்கா கடைக்கா என்று கேட்டார்களாம்.

பிழை என்னுடையது. எனக்குத் தெரிந்தது ஹோட்டல் இங்கிலீஷ் மட்டும். அதைத்தான் அவருக்குக் கொடுத்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று முதல்முறை தானாகவே பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தவர், மறுபக்கம் ஆள் எடுத்ததும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “காலை வணக்கம். நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

காய்ச்சலோடு படுத்திருந்த மகள் போர்வைக்குள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. ஆனால் போனைத் தா, நான் பேசுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் என்னை ‘லாவ்ஷி’ என்பார், அவர்கள் பாஷையில் வாத்தியார் என்று அர்த்தம். நாங்கள் இருவரும் பேசியது இங்கிலீஷில். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் அவர் எடுத்த நேரத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் வீட்டுச் சூடாக்கி நின்றுவிட்டது. வெளியே பனி கொட்டியதால் பள்ளிக்கூடம் இல்லை, மகளும் வீட்டில் நின்றாள். திருத்துகிற ஆள் போனில் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். அக்கா போனைக் காதில் வைத்தபடி திணறுகிறார். எனக்குக் குளிர் பொறுக்கவில்லை. அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி மகளிடம் நீட்டி, “நீ சொல்லிவிடு” என்றேன். அவள் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தாள். ஒரு மணித்தியாலத்தில் ஆள் வந்தார், வீடு சூடாகியது. நான் ஏதோ பெரிய காரியம் செய்தவன் போல இருந்தேன்.

அடுத்த இரண்டு காலைகளும் தையல் மெஷின் நிற்காமல் ஓடியது. என் கஞ்சி மேசையில் இருந்தது, மேலே மூடிய தட்டோடு. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ‘பெட்டியைக் கட்டவேண்டியதுதான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் எனக்கு முன்னால் வந்து இருந்தார். கையில் ஒரு துண்டுத் துணி. இரண்டு பக்கமும் வெண்கட்டி எழுத்து. அந்த இரண்டு நாளும் தனியாக இருந்து, அகராதி பார்த்து எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்.

“நாலு வருடத்துக்கு முன்னர் எனக்குள் ஒரு குழந்தை இருந்தது. ஆறு மாதம். கிளினிக்குக்குப் போனேன். மகள் கூட வந்தாள். அவளுக்கு ஏழு வயது. டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துப் பேசினார். மகள் என்னிடம், ‘அம்மா, குழந்தைக்குள்ளே சத்தம் இல்லையாம்’ என்று சொன்னாள்.”

துணியைத் திருப்பினார்.

“நான் நம்பவில்லை. நீ பிழையாகக் கேட்டாய், திரும்பக் கேள் என்றேன். அவள் கேட்டாள். அதையே சொன்னாள். இன்னொரு தரம் கேள் என்றேன். கேட்டாள். மூன்றாம் தரம் சொன்னபோது, அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.”

ஹோட்டலில் இதற்கு வசனம் இல்லை.

அவர் எழுந்து, துணியை ஒருமுறை உதறி, மடித்து வைத்தார். “லாவ்ஷி,” என்றார், “இனி அவளிடம் போனைக் கொடுக்காதே.”

அதற்குப் பிறகு நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போது எனக்குப் பயம் போய்விட்டது. ஆனால் கவலை ஒன்று வந்தது. இவ்வளவு பெரிய ஊரில், இந்தப் பத்துவிரலையும் இருமலையும் வைத்துக்கொண்டு இந்த மனுசி எத்தனை நாளைக்குச் சமாளிப்பார்?

அந்த நாள் புரட்டாதியில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். அக்காவின் மார்பில் ஒரு கட்டி, அதிலிருந்து ஊசியால் எடுத்துச் சோதித்தது எனக்கு முன்னரே தெரியும். முடிவைச் சொல்ல மூன்று கிழமைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். கணவர், “மகளைக் கூட்டிக்கொண்டு போ, அவள் வளர்ந்துவிட்டாள்தானே” என்றாராம். அக்கா முடியாது என்றுவிட்டார். மகளுக்குக் கட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

“அக்கா, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் தருவார்கள். போனில் பேசுவார்கள். கேட்கலாம், வெட்கமில்லை” என்றேன். பிள்ளைகளே, இதை நீங்களும் நினைவில் வைத்திருங்கள்.

“கேள். ஆனால் அவர் இரண்டாவது. டொக்டர் சொல்வதை முதலில் நான் கேட்க வேண்டும். என் காதால். பிறகு மகளுக்கு நான் சொல்ல வேண்டும். மூன்று கிழமை இருக்கிறது. நீ டொக்டராக இரு.”

அதில்தான் சிக்கல் வந்தது. சமையலறையில் நான் டொக்டராக இருக்க அவர் விடவில்லை. கெட்ட சொல்லைச் சாப்பிடுகிற வீட்டுக்குள் சொல்லக்கூடாது, சொன்னால் அது அங்கேயே தங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அது விளங்கியது. எங்கள் ஆட்களும் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்தானே. ‘அந்த வருத்தம்’ என்று சத்தத்தைக் குறைத்துச் சொல்வோம். சரி, பின்வளவுக்குப் போவோம் என்றேன். அங்கே நீற்றுப்பூசணிக் கொடி நிற்கிறது, அதுவும் சாப்பாடு என்றார். கடைசியில் லோறன்ஸ் வீதியில் உள்ள பஸ் நிறுத்தத்து வாங்கில் போய் இருந்தோம். தினமும் காலையில் அங்கேதான் பாடம். பஸ் வந்து கதவைத் திறக்கும். அக்கா கையை ஆட்டிப் போகச் சொல்வார். பஸ் போகும்.

“மேடம், எல்லாம் நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்” என்றேன் முதல் நாள்.

“நீ நல்ல டொக்டர் இல்லை. திரும்பச் சொல்.”

“மேடம், ஒரு சிறிய பிரச்சினை. விரைவில் சரியாகிவிடும்.”

“எந்தப் பிரச்சினை? பெயர் சொல்.”

ஹோட்டலில் அறைக்குத் தண்ணீர் வராவிட்டால், ‘இதோ வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இல்லை என்ற சொல்லை விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. நாலாம் நாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ எனக்குப் பொய் சொல்கிறாய். நான் பொய்யைப் படித்துக்கொண்டு போய் அங்கே என்ன செய்வது?”

நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “மேடம், உங்களுக்குக் கான்சர்.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், வாங்கின் மறுகரையில் சாமான் வண்டியோடு இருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில் சின்னதாக விபூதி.

“தம்பி தமிழோ?”

“ஓம் அன்ரி.”

“நீங்கள் டொக்டரோ?”

“இல்லை அன்ரி, நான் வந்து...”

“பின்னை என்ன கோதாரிக்கு இந்தப் பிள்ளையை பஸ் ஸ்ரொப்பில வைச்சு உந்தக் கதை சொல்லுறியள்? நல்லா இருத்தி, ஒரு தேத்தண்ணி குடுத்தெல்லோ சொல்ல வேணும்?”

“அன்ரி, இது சும்மா. இவவுக்கு நான் படிப்பிக்கிறன்.”

“உதுக்கும் வகுப்பு நடக்குதோ கனடாவில?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழும்பி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ பிள்ளை, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு” என்று தமிழிலேயே சொன்னார். வண்டிக்குள் கையை விட்டு ஒரு தோடம்பழத்தை எடுத்து அவருடைய கையில் வைத்தார். அக்கா எழுந்து நின்று, தலையைக் குனிந்து, நான் படிப்பித்தபடியே சொன்னார்: “உங்கள் அன்பான உதவிக்கு நன்றி. தயவுசெய்து மீண்டும் வருக.”

பஸ் வந்தது. அன்ரி ஏறும்போது பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்து, “விசர்” என்றுவிட்டுப் போனார். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லக் கஷ்டமாக இருக்கவில்லை. இருந்தது, ஆனால் சொன்னேன். பதினைந்து காலைகள் சொன்னேன். நூலகத்தில் புத்தகம் எடுத்து, எனக்கே தெரியாத ஆஸ்பத்திரிச் சொற்களை முதல் நாள் நான் படித்து, அடுத்த நாள் அவருக்குச் சொன்னேன்.

போகிற நாள் என்னையும் வரச் சொன்னார். ஒரு நிபந்தனை. “நீ வாய் திறக்கக்கூடாது.”

டொக்டர் இளவயதுப் பெண். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார். எனக்கு இங்கிலீஷ் விளங்கும் என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். அக்கா கதிரையை முன்னால் இழுத்தார்.

“தயவுசெய்து என்னோடு பேசுங்கள். மெதுவாக, சிறிய சொற்களில். பிறகு போனில் இருப்பவர் சரிபார்ப்பார்.”

அந்த டொக்டரை நான் மறக்க மாட்டேன். கணினியை விட்டுவிட்டுத் தன் கதிரையைத் திருப்பி, அக்காவின் முழங்காலோடு முழங்கால் முட்டுகிற மாதிரி வந்து இருந்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் பஸ் நிறுத்தத்தில் சொன்ன அதே சொல்.

“விளங்கியது” என்றார் அக்கா. குரல் அப்படியே இருந்தது. “எவ்வளவு பெரியது?”

டொக்டர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

“என்ன செய்வீர்கள்? எப்போது? என் மகளுக்கு நான் என்ன சொல்லலாம்?”

கடைசிக் கேள்வி எங்கள் பாடத்தில் இல்லை. அதை அவர் தனியாக வீட்டில் செய்து வைத்திருந்தார். டொக்டர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். ஒரு இடத்தில் அக்காவுக்குச் சொல் விளங்கவில்லை. எனக்கு அது தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். டொக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் கீறிக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு போனில் இருந்தவர் சீனத்தில் திரும்பச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒரேயொரு விஷயத்தை மட்டும் அவர் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. ஆபரேஷன் செய்த அன்றைக்கே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்பது.

லிஃப்டுக்குள் ஏறியதும் அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். “லாவ்ஷி, இப்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. இவ்வளவு நாளும் இங்கிலீஷுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.”

பிறகு நடந்ததை நீங்கள் பயப்படாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டி, திரும்ப முளைத்தது. நான் கல்யாணம் கட்டி அஜக்ஸுக்கு வந்தபோது அவர் தைத்துக் கொடுத்த திரைதான் உங்கள் அறை யன்னலில் தொங்குகிறது. அதெல்லாம் சரி. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நாளின் பின்னேரத்தை.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம். மகள் தோழிகளோடு சிரித்துக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டதும் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. அக்கா அவளுடைய புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் போட்டார். இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் பத்தடி பின்னால்.

அவர்கள் தங்கள் பாஷையில் பேசினார்கள். எனக்கு அதில் சோறு, தண்ணீர், மெதுவாக என்று நாலைந்து சொல் தெரியும். அவற்றில் ஒன்றும் என் காதில் விழவில்லை. அக்கா இங்கிலீஷில் பேசும்போது எப்போதும் ஒரு மூட்டையைத் தூக்குகிறவர் மாதிரி இருப்பார். அன்றைக்கு, அந்த நடைபாதையில், அவர் எவ்வளவு லேசாகப் பேசுகிறவர் என்று கண்டேன். சொற்கள் தேடாமல் வந்தன. மகள் நின்றாள். கேட்டாள். அவர் சொன்னார். மகள் அழுதாள். அவர் அவசரப்படவில்லை, அழ விட்டார், பிறகு மிச்சத்தையும் சொன்னார். நான் யாரோ ஒருவருடைய வீட்டுக் கடிதப்பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். இங்கிலீஷில் கேட்டாள்.

“லாவ்ஷி, அடுத்த முறை நானும் வரலாமா? டொக்டர் சொல்வதை எல்லாம் நான் அம்மாவுக்கு...”

அது எனக்குரிய கேள்வி அல்ல. அக்கா அவளுடைய தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, இங்கிலீஷிலேயே சொன்னார்.

“வா. புத்தகம் ஒன்று கொண்டு வா. நீ பக்கத்தில் இருந்து வாசி. பேசுவது நான்.”